அரை ஏக்கர் மணல் நிலத்தில் மான்களுக்கான இலையுதிர்காலத் தீவனப் பாத்தி: எதை விதைப்பது, எப்போது விதைப்பது?

மணல்மேடு (ஆடம்ஸ் கவுண்டி, விஸ்கான்சின்)

அனைவருக்கும் வணக்கம். மத்திய விஸ்கான்சினில் ஓக் மரங்களும் ஆஸ்பென் மரங்களும் அடர்ந்த இருபது ஏக்கர் நிலத்தைச் சென்ற குளிர்காலத்தில் வாங்கினோம். அதன் நடுவே அரை ஏக்கர் அளவுக்கு வெட்டவெளி ஒன்று இருக்கிறது. இப்போது அதில் குவாக் புல்லும் ஊதாப் பூக்கும் நாப்வீட் களையும் மண்டிக் கிடக்கின்றன. வெள்ளைவால் மான்கள் வெளியைக் கடந்து போகின்றனவே தவிர, நின்று மேய்வதில்லை. செப்டம்பர் நடுவில் வில் வேட்டையும் நவம்பர் இறுதியில் ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டையும் தொடங்குவதால், அதற்குள் இந்த வெளியைத் தீவனப் பாத்தியாக மாற்ற விரும்புகிறேன்.

பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு மண் அனுப்பிச் சோதித்ததில் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.2 என்று வந்திருக்கிறது. மண் முழுக்க மணல். ஒரு கைப்பிடி அள்ளிப் பிடித்தால் விரலிடுக்கில் வழிந்துவிடுகிறது. என்னிடம் டிராக்டர் கிடையாது. ஏ.டி.வி. எனும் நான்கு சக்கரச் சிறு வண்டி, முதுகில் மாட்டும் தெளிப்பான், கையால் சுழற்றித் தூவும் விதைப்பான் ஆகியவையே உண்டு. கடையில் பெரிய கொம்புடைய ஆண் மானின் படம் போட்ட கலப்பு விதைப் பை ஒன்றைப் பார்த்தேன். எட்டு வகை விதைகள் கலந்திருப்பதாக எழுதியிருந்தது. இப்போது ஜூன் மாதக் கடைசி. அதை வாங்கலாமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

செம்மண்காரன் (வட ஜார்ஜியா)

வாழ்த்துகள் நண்பரே. எங்கள் பகுதியில் கோதுமை, ஓட்ஸ், கிரிம்சன் க்ளோவர் என்ற பயறுவகைத் தீவனச் செடி மூன்றையும் சேர்த்துச் செப்டம்பர் பிற்பாதியிலோ அக்டோபரிலோ விதைக்கிறோம். செலவு குறைவு, முளைப்புக்குக் குறைவில்லை, குளிர்காலம் முழுவதும் பச்சை நிற்கும், ஏப்ரலில் க்ளோவர் சிவப்பாகப் பூத்துக் குலுங்கும். நீங்களும் அதையே செய்யலாம் என்பது என் எண்ணம். கலப்பு விதைப் பையில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பாதி அந்தப் படத்துக்குத்தான்.

ஏர்முனை (மேற்கு மிச்சிகன்)

செம்மண்காரன் அண்ணன் சொல்வது ஜார்ஜியாவுக்கு முற்றிலும் சரி. ஆனால் அந்த நாட்காட்டியை ஆடம்ஸ் கவுண்டிக்குக் கொண்டுவந்தால் விதை முளைத்து இரண்டு அங்குலம் எழும்புவதற்குள் நிலம் உறையத் தொடங்கிவிடும். மத்திய விஸ்கான்சினின் மணற்பகுதியில் உறைபனி முன்கூட்டியே இறங்கும். பள்ளமான இடங்களில் செப்டம்பர் நடுவிலேயே இலை கருகுவதைப் பார்க்கலாம். கிரிம்சன் க்ளோவரும் அங்கே பெரும்பாலும் குளிரைத் தாங்கி மறு வசந்தத்தைக் காண்பதில்லை.

மணல்மேடு, உங்கள் கேள்வி எந்த விதை என்பது. ஆனால் பதில் உங்கள் மண் பரிசோதனை அறிக்கையிலேயே இருக்கிறது. பி.எச். 5.2 உள்ள நிலத்தில் க்ளோவருக்கு வேர்முடிச்சு சரியாகக் கட்டாது. டர்னிப், ரேப், முள்ளங்கி போன்ற கடுகுக் குடும்பப் பயிர்களும் 6-க்கு மேலிருந்தால்தான் செழிக்கும். அமில மண்ணில் நீங்கள் போடும் உரத்தில் கணிசமான பகுதி பயிருக்குக் கிடைக்காமலே போய்விடும். எனவே அந்த எட்டு வகை விதைகளில் ஐந்தாறு வகைகள் உங்கள் நிலத்தில் பெயருக்கு முளைத்து மஞ்சளாக நின்றுவிடும். மீதமுள்ள ஒன்றிரண்டு தானியங்களைத் தனியாக வாங்கினால் விலை வெகுவாகக் குறையும்.

கடைக்குப் போனால் பையின் முன்பக்கத்தைப் பார்க்காமல், பின்பக்கம் தைத்திருக்கும் அடையாளச் சீட்டைப் படியுங்கள். 1939-ஆம் ஆண்டின் கூட்டரசு விதைச் சட்டமும் மாநில விதைச் சட்டங்களும் இருப்பதால் ஒவ்வொரு விதையின் சதவீதம், முளைப்புத் திறன், சோதித்த மாதம், களை விதையின் அளவு, விதையல்லாத பொருளின் அளவு எல்லாம் அதில் அச்சிடப்பட்டிருக்கும். பூச்சு பூசிய விதையென்றால் எடையில் மூன்றில் ஒரு பங்கு பூச்சாகவே இருப்பதுண்டு. பத்து பவுண்டு வாங்கினால் ஏழு பவுண்டுக்கும் குறைவான விதைதான் கைக்கு வரும். 'ஆண்டு ரைகிராஸ்' என்ற பெயர் அந்தச் சீட்டில் இருந்தால் பையைக் கீழே வைத்துவிடுங்கள். மலிவு என்பதற்காகச் சேர்க்கப்படும் அந்தப் புல்லை மான் பெரிதாக விரும்புவதில்லை. விதை கொட்டிவிட்டால் பிறகு களையெடுத்து மாளாது. பெயர் நெருக்கமாக இருந்தாலும் ரை தானியம் வேறு, ரைகிராஸ் புல் வேறு என்பதைக் கடைக்காரரிடமும் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

உங்களுக்கு என் பரிந்துரை குளிர்கால ரை தானியம், கூடவே ஓட்ஸ். ரை அமில மண்ணையும் மணலையும் பொறுத்துக்கொள்ளும். உறைநிலைக்குச் சற்று மேலே, 34 பாரன்ஹீட் அளவிலும் முளைக்கும். பனிக்கு அடியிலும் பச்சையாகக் கிடந்து மார்ச்சில் முதலில் தலைதூக்கும். ஓட்ஸ் வேகமாக எழுந்து வில் வேட்டைக் காலத்தில் மான்களை இழுக்கும். கடும் உறைபனி விழுந்ததும் மடிந்துவிடும், அதற்குள் அதன் வேலை முடிந்திருக்கும். ரை ஒரு புஷல் 56 பவுண்டு, ஓட்ஸ் ஒரு புஷல் 32 பவுண்டு. உங்கள் அரை ஏக்கருக்கு இரண்டிலும் ஒவ்வொரு புஷல் போதும். மண்ணுக்குள் ஆழமாகப் புதைக்காமல் மேலே தூவி விதைப்பதால் சற்றுத் தாராளமாகவே சொல்கிறேன்.

மணலை உழாதீர்கள். உழுதால் இருக்கிற கொஞ்ச ஈரமும் காற்றோடு போய்விடும், புதைந்து கிடக்கும் களை விதைகளும் மேலே வந்துவிடும். ஜூலையில் புல் பச்சையாக வளர்ந்துகொண்டிருக்கும்போது கிளைபோசேட் களைக்கொல்லி தெளியுங்கள். குவாக் புல் வேர்த்தண்டிலிருந்து மறுபடி தளிர்ப்பதால் ஆகஸ்ட் நடுவில் இன்னொரு முறை தேவைப்படும். ஆகஸ்ட் 20-க்கும் செப்டம்பர் முதல் வாரத்துக்கும் இடையே, வானிலை அறிக்கையில் நல்ல மழை தெரியும் நாளுக்கு முந்தைய நாள், செத்து நிற்கும் களைகளுக்கு மேலேயே விதையைத் தூவி, பிறகு களைகளை வெட்டிச் சாய்த்துவிடுங்கள். அந்தச் சருகு மூடாக்காக விழுந்து ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் ஏ.டி.வி. வண்டியை முன்னும் பின்னுமாக ஓட்டினால் விதை மண்ணோடு ஒட்டிவிடும். உருளை வாடகைக்குக் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் வேலை நிற்காது.

மணல்மேடு

மிகவும் நன்றி ஐயா. சுண்ணாம்பை இப்போதே போட்டால் ஆகஸ்டுக்குள் பி.எச். உயர்ந்துவிடாதா? பக்கத்து நிலத்துக்காரர் டர்னிப்பும் முள்ளங்கியும் போட்டுத்தான் மான்களைக் கட்டிப்போட்டிருப்பதாகச் சொல்கிறார்.

ஏர்முனை

இப்போதே போடுங்கள், ஆனால் இந்த ஆண்டே பலனை எதிர்பார்க்காதீர்கள். சுண்ணாம்பு மண்ணோடு வினைபுரியப் பல மாதங்கள் ஆகும். உழாமல் மேலே தூவினால் இன்னும் மெதுவாகவே கீழிறங்கும். ஆய்வகம் ஏக்கருக்கு இரண்டு டன் என்று பரிந்துரைத்திருந்தால் உங்களுக்கு ஒரு டன் வேண்டும், அதாவது 40 பவுண்டுப் பைகள் ஐம்பது. உருண்டையாக்கிய சுண்ணாம்பு கையால் தூவ வசதியானது, அவ்வளவுதான்; குறைவாகப் போட்டாலே போதும் என்று பையில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், அதுவும் அதே சுண்ணாம்புக் கல்தான். ஒன்று மட்டும் உங்களுக்குச் சாதகம்: களிமண்ணை விட மணலின் பி.எச். குறைந்த சுண்ணாம்பிலேயே ஏறும். ஆனால் அதே வேகத்தில் இறங்கவும் செய்யும் என்பதால், மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது மண்ணைச் சோதிக்க வேண்டும்.

வடக்காற்று (தென் மினசோட்டா)

ரை, ரை என்றே அனைவரும் சொல்லிக்கொண்டிருப்பதால் டர்னிப்புக்காக ஒருவராவது பேச வேண்டும். எங்கள் கரிய வண்டல் மண்ணில் ஊதாத் தலை டர்னிப் விதையை ஏக்கருக்கு ஐந்து பவுண்டு கணக்கில் ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்ட் முதல் வாரத்திலோ தூவுகிறோம். முதல் கடும் உறைபனிக்கு முன் அறுபது முதல் எழுபத்தைந்து நாள் கிடைத்தால் இலை முழங்கால் உயரம் வந்துவிடும். அக்டோபர் வரை மான்கள் அதை ஏறெடுத்தும் பார்க்காது. உறைபனி இரண்டு மூன்று முறை விழுந்து இலையில் சர்க்கரை கூடிய பிறகு தினமும் மாலையில் வரும். டிசம்பரில் பனியைக் குளம்பால் விலக்கிக் கிழங்கைக் கடித்துக் குழிந்த கிண்ணம் போல விட்டுச் சென்றிருப்பதைப் பார்த்தால், துப்பாக்கி வேட்டைக்கும் அதற்குப் பிந்தைய காலத்துக்கும் இதைவிடச் சிறந்த பயிர் கிடையாது என்று நீங்களே சொல்வீர்கள். ஓட்ஸ் அப்போது வைக்கோலாகியிருக்கும். ரை பனிக்கு அடியில் இரண்டு அங்குலம் கிடக்கும்.

ஏர்முனை

வடக்காற்று சொல்வதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் அது வண்டல் மண்ணின் கதை. டர்னிப்புக்குத் தழைச்சத்து நிறைய வேண்டும். ஏக்கருக்கு 60 பவுண்டு தழைச்சத்து என்று வைத்தாலும் அரை ஏக்கருக்கு ஏறத்தாழ 65 பவுண்டு யூரியா ஆகிறது. மணலில் ஒரே மழையில் அது கீழே கசிந்து போய்விடும் என்பதால் விதைப்பின்போது பாதியும் மூன்று நான்கு வாரம் கழித்து மழைக்கு முன் பாதியுமாகப் பிரித்துப் போட வேண்டும். மழை வராவிட்டால் மேலே கிடக்கும் யூரியா ஆவியாகிக் காற்றில் போகும். இவ்வளவும் செய்து, பி.எச். 5.2-லேயே நின்றால், பின்னர் கிடைப்பது உள்ளங்கை அகல இலைகள்தான். மேலும் அந்தப் பகுதி மான்களுக்கு டர்னிப் பழக்கமில்லை என்றால் முதல் ஆண்டு தொடாமலே விடுவதும் உண்டு. பக்கத்து நிலத்துக்காரர் போடுகிறார் என்றால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. ஆனால் அவருடையதே அங்கிருக்கும்போது நீங்களும் அதையே போட வேண்டுமா என்றும் யோசித்துப் பாருங்கள்.

வடக்காற்று

அரை ஏக்கரில் கால் பங்கையாவது ஒதுக்கிச் சோதித்துப் பார்க்கட்டும் என்பதே என் கருத்து. ஒரே இடத்தில் இரண்டு ஆண்டுக்கு மேல் தொடர்ந்து போட்டால் வேர்வீக்க நோய் வரும், எனவே இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

வனத்தோழி (மத்திய பென்சில்வேனியா)

விதையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம். சுற்றியிருக்கும் பத்தொன்பதரை ஏக்கர் காட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. மான் மாட்டைப் போல் ஒரே இடத்தில் நின்று புல் மேயும் விலங்கன்று. நடந்துகொண்டே தளிர், மொட்டு, அகல இலைச் செடி, ஓக் கொட்டை என்று பொறுக்கித் தின்னும். வளர்ந்த மான் ஒன்று நாளொன்றுக்கு ஐந்து முதல் எட்டு பவுண்டு வரை தீவனம் உண்ணும் என்பது பொதுக் கணக்கு. பத்து மான்கள் வந்துபோகும் இடத்தில் அரை ஏக்கர் இளம்பயிர் எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஓக் கொட்டை நன்றாக விழும் ஆண்டில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் உங்கள் பாத்தி எவ்வளவு பசுமையாக இருந்தாலும் மான்கள் காட்டுக்குள்தான் இருக்கும். துவர்ப்புக் குறைந்த வெள்ளை ஓக் வகைகள், உங்கள் பகுதியில் பர் ஓக், முதலில் காலியாகும். எனவே செப்டம்பரில் பாத்தி வெறிச்சோடிக் கிடந்தால் விதையைக் குறை சொல்வதற்கு முன் மரத்தடியைப் போய்ப் பாருங்கள்.

உங்களிடம் ஆஸ்பென் இருக்கிறதே, அதுவே ஒரு சொத்து. குளிர்காலத்தில் கால் ஏக்கர், அரை ஏக்கர் எனத் திட்டாக வெட்டிவிட்டால் வேரிலிருந்து ஆயிரக்கணக்கில் கன்றுகள் கிளம்பும். அவை தீவனமாகவும் மறைவிடமாகவும் பல ஆண்டுகள் பயன்படும், சுண்ணாம்பும் யூரியாவும் கேட்காது. ஓக் மரங்களை மட்டும் ஏப்ரல் முதல் ஜூலை வரை வெட்டவோ கிளை கழிக்கவோ கூடாது. அந்தப் பருவத்தில் வெட்டுக்காயத்தை நாடி வரும் வண்டுகள் ஓக் வாடல் நோயைப் பரப்பும். விஸ்கான்சின் இயற்கை வளத் துறையும் இதையே அறிவுறுத்துகிறது. வேட்டைப் பருவம் முடிந்ததும் செயின்சாவை எடுங்கள்.

இன்னொன்று. இலையுதிர்காலப் பாத்தி போட்டால் கொம்பு பெரிதாகும் என்று விதைப் பைகள் சொல்வதை நம்ப வேண்டாம். கொம்பு வளர்வது ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை. நீங்கள் விதைக்கும்போது அது முற்றித் தோலுரியும் நிலைக்கு வந்திருக்கும். நவம்பர் இணைசேரும் காலத்தில் ஆண் மான்கள் இழக்கும் உடல் எடையை ஈடுகட்டவும், பெண் மான்களும் குட்டிகளும் கொழுப்போடு குளிர்காலத்துக்குள் நுழையவும் இந்தப் பாத்தி உதவும். அதுவே போதுமான காரணம்தான்.

தராசு (இல்லினாய்ஸ்)

ஒரு கேள்வி, வம்புக்காக அல்ல. மக்காச்சோளத்தைக் கொட்டி மானை வரவழைத்துச் சுடுவதை விஸ்கான்சினின் பல கவுண்டிகளில் தடை செய்திருக்கிறார்கள். அரை ஏக்கரில் ரை விதைத்துவிட்டுப் பக்கத்தில் பரண் கட்டி உட்காருவதும் அதே செயல்தானே?

வனத்தோழி

நியாயமான கேள்வி. சட்டப்படி, வேளாண் முறையில் விதைத்து அதே இடத்தில் வளர்ந்து நிற்பது இரை வைப்பதில் சேராது. விளைந்த தானியத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டினால் சேரும். நோயின் பார்வையிலும் வேறுபாடு உண்டு. மான்களின் நாட்பட்ட மெலிவு நோய் 1967-இல் கொலராடோவில் கூண்டில் வளர்த்த மான்களில் முதலில் காணப்பட்டது. 2002-இல் விஸ்கான்சினில் கண்டறியப்பட்டபோதுதான் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அது முதன்முதலாகத் தெரியவந்தது. அந்த நோயை உண்டாக்கும் புரதம் எச்சிலிலும் கழிவிலும் வெளியேறி மண்ணில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஒரே குவியலில் பத்து மான்கள் மூக்கை நுழைத்துத் தின்பதற்கும் அரை ஏக்கரில் பரவி மேய்வதற்கும் தொற்று வாய்ப்பில் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் வித்தியாசம் அளவில்தான். அபாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கடுங்குளிரில் திடீரென மக்காச்சோளம் கொட்டினால் மானின் இரைப்பை நுண்ணுயிர்கள் அந்த மாற்றத்துக்குத் தயாராக இல்லாமல் வயிற்றில் அமிலம் கூடி மான் சாவதும் உண்டு. செப்டம்பரிலிருந்து மெல்ல மெல்லப் பழகும் பச்சைத் தீவனத்தில் அந்தச் சிக்கல் இல்லை.

தராசு

விளக்கத்துக்கு நன்றி. சட்ட வேறுபாடு புரிகிறது. அற வேறுபாடு எனக்கு இன்னும் மெல்லியதாகவே படுகிறது. இந்த உரையாடல் திசை மாறக்கூடாது என்பதால் இத்துடன் விட்டுவிடுகிறேன்.

செம்மண்காரன்

நாட்காட்டியில் ஏர்முனை தம்பி திருத்தியது சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். தெற்கிலிருந்து ஒரு எச்சரிக்கையை மட்டும் சேர்க்கிறேன். ரை, ஓட்ஸ், கோதுமை எதுவானாலும் முளைத்த முதல் மூன்று வாரம் படைப்புழுவைக் கவனியுங்கள். 2018-இல் நம் இந்திய மக்காச்சோள வயல்களை நாசமாக்கிய அதே அமெரிக்கன் படைப்புழுவுக்கு இந்த அமெரிக்கக் கண்டம்தான் பிறந்த வீடு. தெற்கு ஃபுளோரிடாவிலும் தெற்கு டெக்சஸிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, அந்துப்பூச்சியாக ஒவ்வொரு கோடையிலும் வடக்கு நோக்கிப் பறந்து வரும். 2021-இல் வடமாநிலங்கள் வரை ஏறி வந்து புல்வெளிகளையே மொட்டையடித்தது. காலையில் பனி உலர்வதற்கு முன் குனிந்து தேடுங்கள்: தலையில் தலைகீழ் 'ஒய்' வடிவக் கோடும், வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் அதுதான். நேற்றுவரை பச்சையாக இருந்த பாத்தி திடீரென வெறுமையானால் பழியை மான் மேல் போட்டுவிட வேண்டாம்.

மணல்மேடு

எல்லோருக்கும் நன்றி. சுண்ணாம்பு இந்த வாரமே வருகிறது. பாத்தி முழுவதும் ரையும் ஓட்ஸும், வடமேற்கு மூலையில் மட்டும் சிறிதளவு டர்னிப் என்று முடிவு செய்திருக்கிறேன். க்ளோவரைக் கைவிட்டுவிட வேண்டியதுதானா? மேலும், மான்தான் தின்கிறதா, பயிர்தான் வளரவில்லையா என்பதை எப்படிப் பிரித்தறிவது? பரணை எங்கே கட்டுவது என்பதிலும் குழப்பமாக இருக்கிறது.

ஏர்முனை

க்ளோவரைக் கைவிட வேண்டாம், தள்ளிப்போடுங்கள். அடுத்த கோடையில் மறுபடி மண்ணைச் சோதியுங்கள். பி.எச். 6-ஐ நெருங்கியிருந்தால் அடுத்த இலையுதிர்காலத்திலும் ரை போட்டு, அதற்கடுத்த மார்ச் மாதத்தில் இரவில் உறைந்து பகலில் இளகும் நிலத்தின் மேல் ஏக்கருக்கு ஆறு முதல் எட்டு பவுண்டு வெள்ளைக் க்ளோவர் விதையைத் தூவிவிடுங்கள். உறைந்து இளகும் மண்ணே விதையை உள்ளே இழுத்துக்கொள்ளும். வேர்முடிச்சு கட்ட உதவும் ரைசோபியம் நுண்ணுயிரால் நேர்த்தி செய்த விதையாக இருக்கட்டும். அந்தப் பகுதிக்கு யூரியா போட வேண்டாம், போட்டால் க்ளோவரை விடக் களைகளுக்குத்தான் கொண்டாட்டம்.

பயிரா மானா என்பதை அறியக் கூண்டு ஒன்று போதும். நான்கடி உயர வேலிக் கம்பியை மூன்றடி அகல வட்டமாகச் சுருட்டி, விதைத்த அன்றே பாத்தியின் நடுவில் இரண்டு முளைக்குச்சிகளால் அறைந்து நிறுத்துங்கள். முதல் வாரத்தில் உள்ளும் புறமும் ஒரே மாதிரி இருக்கும். அக்டோபர் நடுவில் கம்பிக்கு உள்ளே ரை பத்து அங்குலம் நின்று, வெளியே கத்தரித்த புல்தரை போல் இரண்டு அங்குலத்தில் இருந்தால் உங்கள் மண் வேலை செய்கிறது, மான்கள்தான் அதிகம் என்று பொருள். அப்போது விதையை மாற்றுவதில் பயனில்லை. பெண் மான்களுக்கான வேட்டை அனுமதிச் சீட்டு வாங்குவதுதான் வழி. உள்ளும் புறமும் இரண்டு அங்குலமே இருந்தால் மண் பரிசோதனை அறிக்கையை மறுபடி கையில் எடுங்கள்.

பரண் விஷயத்தில், இலையுதிர்காலத்தில் உங்கள் பகுதியில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ வீசும். எனவே பாத்தியின் கிழக்கு அல்லது தென்கிழக்கு ஓரத்தில் கட்டுங்கள். பாத்தியைக் கடக்காமல் பரணுக்குப் போகவும், இருட்டிய பின் மேய்ந்துகொண்டிருக்கும் மான்களைக் கலைக்காமல் இறங்கி வரவும் வழி இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அப்படி ஒரு வழி இல்லையென்றால் வடமேற்கு மூலை டர்னிப்பைத் தென்பக்கத்துக்கு மாற்றிவிட்டு, பரணை வேறு மரத்துக்குக் கொண்டுபோவதே நல்லது. அதை விதைப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.